மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைகளும் மேற்கோள் எண்ணிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் பணியாற்றும் என்னிடம், பதவி உயர்வு விண்ணப்பங்கள் போகும் காலத்திலும் முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்கும் காலத்திலும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் ஆண்டுதோறும் வந்து சேர்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைக் குறித்துவைத்து, விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

எண்களை மட்டும் வைத்துப் பேசினால் இந்தப் பொருள் பிடிபடாது. எனவே கல்கத்தாவின் நோயியல் பேராசிரியர் சம்புநாத் தே (1915–1985) அவர்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டிருக்கிறேன். பல விடைகளில் அவர் திரும்ப வருவார். மேற்கோள் எண்ணும் முறையை உருவாக்கியவரே அவருடைய கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார் என்பதால், இதைவிடப் பொருத்தமான ஒருவர் எனக்குத் தெரிந்து இல்லை.

மேற்கோள் என்றால் என்ன? அதை யார் எண்ணுகிறார்கள்?

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையை எழுதும்போது, முன்பு வந்த எந்தெந்தக் கட்டுரைகளைப் பயன்படுத்தினார் என்பதை இறுதியில் பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை ஒரு முறை இடம்பெற்றால், உங்களுக்கு ஒரு மேற்கோள் கிடைத்தது என்று கணக்கு. பாராட்டுவதற்காகக் குறிப்பிட்டிருந்தாலும், மறுப்பதற்காகக் குறிப்பிட்டிருந்தாலும், வழிமுறையை எடுத்தாண்டதற்காகக் குறிப்பிட்டிருந்தாலும் அது ஒன்றாகவே எண்ணப்படும்.

இதை முறையாக எண்ணலாம் என்ற யோசனையை 1955-இல் முன்வைத்தவர் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்ட். பிலடெல்பியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1964 முதல் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்ற பெருந்தொகுதியை முறையாக வெளியிட்டது. இன்றைய ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ அதன் வழித்தோன்றல். எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் 2004-இல் வந்தன. கார்ஃபீல்ட் முதலில் நினைத்தது ஆளை எடைபோடுவதை அன்று. ஒரு கருத்து எந்தக் கட்டுரையில் பிறந்து எங்கெங்கே போயிற்று என்று தேடிச் செல்ல ஒரு வழி வேண்டும் என்பதைத்தான்.

சம்புநாத் தே என்கிறீர்களே, அவர் என்ன கண்டுபிடித்தார்? எங்கள் பாடநூலில் பெயரைப் பார்த்த நினைவில்லையே?

1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோஹ், அந்தக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரப்பதால்தான் நோயாளி சாகிறார் என்று கருதினார். ஆனால் அந்த நஞ்சை அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் காட்ட முடியவில்லை. கிருமியின் உடலை உடைத்து எடுத்ததை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய தே, காலராவில் கெடுவது குடல் என்பதால் குடலுக்குள்ளேயே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு, காலரா நோயாளியின் கழிச்சலைப் போலவே அரிசி களைந்த நீர் போன்ற திரவத்தால் புடைத்திருந்தது. இந்த முறையை 1953-இல் சாட்டர்ஜியுடன் இணைந்து ‘ஜர்னல் ஆஃப் பேத்தாலஜி அண்டு பாக்டீரியாலஜி’ இதழில் வெளியிட்டார்.

1956-இல் அதே முறையைக் கொண்டு, ஈ.கோலை கிருமியின் சில வகைகளும் இதேபோல் குடலில் நீரை வரவழைக்கின்றன என்று காட்டினார். 1959 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் அவர் தனியாக எழுதிய கட்டுரை வந்தது. அது இரண்டே பக்கம். கிருமியை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த வடிநீரைச் செலுத்தியபோதும் குடல் துண்டு அப்படியே புடைத்தது என்பதே அதன் செய்தி. நோயை உண்டாக்குவது கிருமி வெளியே விடும் நஞ்சு என்பது அத்துடன் நிலைபெற்றது.

பாடநூல்கள் நஞ்சைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன; கண்டுபிடித்தவரின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இது எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் ஒன்று.

பப்மெடில் என் கட்டுரை இருக்கிறது. அப்படியென்றால் அதற்கு மேற்கோள் உண்டு என்று பொருள்தானே?

இல்லை. பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தேடுபட்டியல். ஒரு கட்டுரை வெளிவந்திருக்கிறது என்பதை அது சொல்லும். அதை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது வேறு செய்தி. பப்மெடில் இருப்பதெல்லாம் மெட்லைனில் இருப்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். மெட்லைன் என்பது குழு ஒன்று ஆராய்ந்து தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பு. பப்மெட் அதையும் உள்ளடக்கிய பெரிய வட்டம்.

ஒரே ஆளுக்குக் கூகுள் ஸ்காலரில் 600 என்றும் ஸ்கோபஸில் 310 என்றும் காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், ஏனெனில் எண்ணும் களம் வேறு. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாம் தேர்ந்தெடுத்த இதழ்களுக்குள் மட்டும் எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடுகள், முன்வெளியீடுகள், நூல்கள், கருத்தரங்கத் தாள்கள் என்று எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது. அதனால் எண் பெரிதாகும், சில நேரம் ஒரே கட்டுரை இரு முறை எண்ணப்பட்டும் இருக்கும்.

விண்ணப்பத்தில் எழுதும்போது எண்ணை மட்டும் எழுதாமல், எந்தத் தளத்தில், எந்த நாளில் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாள் குறிக்காத எண்ணைச் சரிபார்க்க யாராலும் முடியாது. ஒருவரின் ஸ்கோபஸ் எண்ணை மற்றொருவரின் ஸ்காலர் எண்ணோடு ஒப்பிடுவது, படியால் அளந்ததையும் பக்காவால் அளந்ததையும் எண்ணிக்கை பார்த்து ஒப்பிடுவது போன்றது.

எச்-இண்டெக்ஸ் எப்படி வருகிறது? ஒரு முறை கையால் போட்டுக் காட்டுங்கள்.

ஒருவருக்கு 7 கட்டுரைகள் உள்ளன என்று கொள்வோம். மேற்கோள்களை இறங்குவரிசையில் எழுதினால் 40, 18, 9, 6, 5, 3, 1. மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் உள்ளது. ஆறாவதற்கு 6 வேண்டும், ஆனால் 3 தான் உள்ளது. எனவே எச்-இண்டெக்ஸ் 5. அதாவது குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் அவரிடம் 5 உள்ளன. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ-10 என்பது 10 அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. இவருக்கு அது 2.

இந்த அளவை 2005-இல் முன்மொழிந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். அவர் மருத்துவர் அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துறையின் எழுத்துப் பழக்கத்தை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு, எல்லாத் துறைகளுக்கும் பொது அளவுகோலாகிவிட்டது.

அப்படியென்றால் தே அவர்களுக்கு எச்-இண்டெக்ஸ் எவ்வளவு கொடுப்பீர்கள்?

மேலே போட்ட கணக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. முதல் கட்டுரையின் 40 மேற்கோளை 4,000 என்று மாற்றிப் பாருங்கள். எச்-இண்டெக்ஸ் 5-ஆகவே நிற்கும். ஒரு கட்டுரை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த எண்ணில் ஒன்றுக்கு மேல் கூட்ட முடியாது. 1959-இன் அந்த இரண்டு பக்கமும் ஒன்றுதான். நடுத்தரமான ஒரு நோயாளி விவரக் கட்டுரையும் ஒன்றுதான். எச்-இண்டெக்ஸ் விடாமல் எழுதிக்கொண்டிருப்பதை அளக்கும். ஒரு நூற்றாண்டின் முடிச்சை ஒருவர் அவிழ்த்தார் என்பதை அளக்க அதற்கு வழி இல்லை. குறைவாக எழுதியவரின் பட்டியலுக்கு முன்னால் அந்த எண்ணை வைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

என் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக வருகிறது. மேற்கோள்களும் பிரிந்து கிடக்கின்றன. என்ன செய்வது?

தமிழர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக நேரும் சிக்கல். மேல்நாட்டுத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று எதிர்பார்க்கின்றன. நமக்கோ முதலெழுத்தும் பெயரும்தான். செல்வராஜின் மகன் கார்த்திகேயன் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இதழ் அவரை ‘கார்த்திகேயன் எஸ்’ என்று பதியும். மற்றோர் இதழ் தந்தை பெயரை விரித்து எழுதச் சொல்லும். ‘கார்த்திகேயன் செல்வராஜ்’ என்று எழுதினால் தளம் அவரை ‘செல்வராஜ் கே’ ஆக்கிவிடும். மகனின் ஆய்வு தந்தையின் பெயரில் போய்ச் சேரும். திருமணத்திற்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் மருத்துவர்களுக்கு ஆய்வு வாழ்க்கையே இரண்டு துண்டாகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘குமார் எஸ்’ போன்ற பெயர்களில் இதற்கு நேர்மாறாக, எத்தனையோ பேரின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் குவிந்துவிடும்.

முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே பெயரை ஒரே வடிவில் எழுதுவதென்று முடிவு செய்துகொள்ளுங்கள். 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டுரையிலும் அதைக் கொடுங்கள். பழைய கட்டுரைகளை அந்த எண்ணுடன் இணைத்துக்கொள்ளலாம். ஸ்கோபஸில் பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கும்படி விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

இம்பாக்ட் ஃபேக்டர் 10 உள்ள இதழில் என் கட்டுரை வந்திருக்கிறது. என் கட்டுரையின் மதிப்பு 10 என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. அது இதழின் சராசரி. 2024-க்கான எண் வேண்டுமென்றால், அந்த இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பார்கள். சராசரியை ஒரு சில கட்டுரைகளே தூக்கிவிடும். ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற இதழின் எண் 2-ஐ ஒட்டியிருந்தது; 2008-இல் வந்த ஒரே ஒரு கட்டுரை எல்லாப் படிகவியலாளராலும் மேற்கோள் காட்டப்பட்டதால் 2009-இல் ஏறக்குறைய 50 ஆயிற்று. அந்த இதழில் வந்த மற்றக் கட்டுரைகள் ஓராண்டில் இருபத்தைந்து மடங்கு சிறந்துவிடவில்லை.

மருத்துவத்தில் இதற்கு இணையானது ‘சிஏ’ என்ற புற்றுநோய் இதழ். ஆண்டுதோறும் வெளியிடும் புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தை எல்லோரும் தம் கட்டுரையின் முதல் வரியிலேயே குறிப்பிடுவதால், அதன் எண் சில ஆண்டுகளில் 250-ஐத் தாண்டியிருக்கிறது.

ஐந்து வருடமாகியும் என் கட்டுரையை யாரும் குறிப்பிடவில்லை. அந்த உழைப்பெல்லாம் வீணா?

தே அவர்களின் 1959 கட்டுரையும் வெளிவந்தபோது உரிய கவனத்தைப் பெறவில்லை. நஞ்சைத் தூய்மைப்படுத்திப் பிரித்தெடுக்கும் பணி அமெரிக்க ஆய்வகங்களில் சூடுபிடித்த 1960-களின் பிற்பகுதியில்தான் அந்த இரண்டு பக்கங்களின் அருமை பரவலாக உணரப்பட்டது. 1978-இல் காலரா குறித்து நடந்த நோபெல் கருத்தரங்கிற்கு அவரை அழைத்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அவர் ஓய்வு பெற்றிருந்தார். 1985-இல் இறந்தார், இந்திய அறிவியல் கழகங்களில் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. மறு ஆண்டு, 1986-இல், மேற்கோள் தரவுகளைக் கொண்டு காலரா ஆய்வின் வரைபடத்தைப் போட்ட கார்ஃபீல்ட், அதன் நடுவில் கல்கத்தாவின் தே நிற்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். எண்களுக்கு எதிராக நான் பேசுவதாக எண்ண வேண்டாம். மனிதர்கள் காணத் தவறியதை இந்த இடத்தில் எண்கள்தாம் காட்டின. காலம் தாழ்ந்து காட்டின என்பதுதான் துயரம்.

நெடுநாள் உறங்கிப் பின் விழிக்கும் இத்தகைய கட்டுரைகளை, லைடன் பல்கலைக்கழகத்தின் ஆண்டனி வான் ரான் 2004-இல் ‘உறங்கும் அழகிகள்’ என்று அழைத்தார். ஆனால் உறங்கும் கட்டுரைகள் எல்லாம் அழகிகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரைக்கு மேற்கோள் இல்லையென்றால் முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள்: தலைப்பில் நோயின் பெயர் இருக்கிறதா, சுருக்கம் தேடலில் கிடைக்கிறதா, முழுக் கட்டுரையைப் பணம் கட்டாமல் படிக்க முடிகிறதா, பெயர் பற்றிய கேள்வியில் சொன்னபடி பெயர் பிரிந்து கிடக்கிறதா?

அதிக மேற்கோள் வாங்கியது பெரிய கண்டுபிடிப்பாகத்தானே இருக்கும்?

உலகிலேயே மிக அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை எது என்று வகுப்பில் கேட்டால் டிஎன்ஏ, பெனிசிலின் என்று சொல்வார்கள். அது 1951-இல் ஆலிவர் லௌரியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் உள்ளது என்று அளக்கும் முறை பற்றிய கட்டுரை. 3 லட்சம் மேற்கோளுக்கு மேல் பெற்றிருக்கிறது. அது மகத்தான கட்டுரை அன்று என்பதை லௌரியே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். உயிர்வேதியியல் ஆய்வகங்களில் தினமும் செய்யும் வேலைக்கு அது கருவி. கருவியைப் பயன்படுத்தியவர் அதைக் குறிப்பிட்டார். முறைகளையும் புள்ளியியல் வழிகளையும் தருபவை, பலவற்றைத் தொகுத்துக் கூறும் மீள்பார்வைகள், சிகிச்சை வழிகாட்டிகள் ஆகியவை எப்போதும் மேலே நிற்கும்.

தவறென்று திரும்பப் பெற்ற கட்டுரைக்கும் மேற்கோள் கணக்கில் வருமா?

வரும். 1998-இல் ‘லான்செட்’ இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதி, தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மேற்கோள் காட்டிய 1,153 வெளியீடுகளைப் படித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. அவற்றுள் சுமார் 73 விழுக்காடு அதை மறுப்பதற்காகவே குறிப்பிட்டிருந்தன. எண்ணும் இயந்திரத்துக்கு மறுப்பும் ஏற்பும் ஒன்றுதான் என்று முதல் விடையில் சொன்னதன் முழுப்பொருள் இங்கே தெரியும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இன்னொன்று நடந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி 2020 மே 22 அன்று ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரை, அதன் தரவை யாராலும் சரிபார்க்க இயலாததால் ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. அதன் பின்னரும் அதை மெய்யான ஆய்வாகக் கருதி மேற்கோள் காட்டியவர்கள் உண்டு. மேற்கோள் காட்டும் முன் கட்டுரையின் இன்றைய பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் சேமித்துவைத்த பழைய படியில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை இருக்காது.

துறைத் தலைவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டுமா? வரிசையில் என் பெயர் எங்கே வர வேண்டும்?

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவைச் சேர்த்ததிலோ ஆராய்ந்ததிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ கருத்துச் செறிவோடு திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரையின் நேர்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து நிறைவேறினால்தான் ஆசிரியர். பதவி ஒரு நிபந்தனை அன்று. உதவியவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு.

மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவரையும், கடைசிப் பெயர் வழிகாட்டிய மூத்தவரையும் குறிப்பது வழக்கம். நம் நாட்டில் 2020-இல் திருத்தப்பட்ட, மருத்துவக் கல்லூரியில் கற்பிப்போருக்கான தகுதி விதிகள், பதவி உயர்வுக்குக் கட்டுரையின் முதல் மூவருள் ஒருவராகவோ, இதழோடும் வாசகரோடும் கடிதத் தொடர்பு கொள்ளும் ‘தொடர்புக்குரிய ஆசிரியராகவோ’ இருக்க வேண்டும் என்றன. அதனால் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே மனக்கசப்புகள் எழுகின்றன. வேலையைத் தொடங்கும் நாளிலேயே வரிசையைப் பேசி எழுதிவைத்துக்கொள்வது நல்லது. விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும்போது நடப்பில் உள்ளதைப் படியுங்கள்.

பெயரே போடாமல் பெரிய ஆய்வு எதுவும் வந்திருக்கிறதா?

நம் சென்னையிலேயே வந்திருக்கிறது. 1956-இல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலும் மறு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலுமே வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஓராண்டு கவனித்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழிவகுத்த அந்த ஆய்வு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ‘புல்லட்டின்’ இதழில், தே அவர்களின் கட்டுரை வந்த அதே ஆண்டில், மையத்தின் பெயரிலேயே வெளியாயிற்று.

வீடுவீடாக ஏறி இறங்கி மாத்திரைகளை எண்ணிப் பார்த்த செவிலியர், சளி மாதிரிகளைச் சோதித்தவர்கள், கணக்குப் போட்ட புள்ளியியலாளர்கள் எவருடைய எச்-இண்டெக்ஸிலும் அது ஒன்றைக்கூடக் கூட்டியிருக்காது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

என் கட்டுரையை நானே மேற்கோள் காட்டினால் தவறா?

தொடர்ச்சியான ஆய்வில் அது இயல்பு. 1959-இல் தே தம் 1953 முறையைக் குறிப்பிடாமல் எழுதியிருக்க முடியாது. பொருளுக்குத் தேவையில்லாத இடத்தில் எண்ணைக் கூட்டுவதற்காகவே சேர்ப்பதும், ‘நீ என்னைக் குறிப்பிடு, நான் உன்னைக் குறிப்பிடுகிறேன்’ என்று கூட்டுச் சேர்வதும், கட்டுரையை ஏற்க வேண்டுமானால் தம் கட்டுரைகளைச் சேர்க்கும்படி மதிப்பீட்டாளர் வற்புறுத்துவதும் ஒழுங்கீனம். தன்மேற்கோள்களை நீக்கிவிட்டு எண்ணிப் பார்க்கும் வசதி ஸ்கோபஸில் உள்ளது. தேர்வுக் குழுக்கள் அதைப் பார்க்கின்றன.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். பணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்தநிலை இதழ்களும் எழுதுவோரிடம் கட்டணம் வாங்குகின்றன. சக ஆய்வாளர்கள் படித்துப் பார்க்கிறார்களா என்பதே கேள்வி. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன், புற்றுநோய் மருந்து பற்றி அப்பட்டமான பிழைகள் நிறைந்த பொய்க் கட்டுரை ஒன்றை 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மதிப்பீடு நடக்கிறது என்று பொய்யாகச் சொல்லி ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக ஹைதராபாத்தைச் சேர்ந்த பதிப்பு நிறுவனம் ஒன்று 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னஞ்சலில் சொல்லப்படும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ வெப் ஆஃப் சயின்ஸை இன்று நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உள்ளதா என்று நூலகத்தில் கேளுங்கள். போலி எண் தரும் அமைப்புகள் பல உள்ளன.

உலகின் தலைசிறந்த 2 விழுக்காடு விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர் பெயர் வந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுத்த விருதா?

விருது அன்று. ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் உடன் பணியாற்றுவோரும் 2019 முதல் ஸ்கோபஸ் தரவைக் கொண்டு கணக்கிட்டு வெளியிடும் பட்டியல் அது. மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், தனி ஆசிரியராகவும் முதல் ஆசிரியராகவும் கடைசி ஆசிரியராகவும் பெற்றவை போன்ற ஆறு அளவைகளைச் சேர்த்து ஒரு கூட்டெண் போடுகிறார்கள். வாழ்நாள் முழுமைக்கும் ஒரு பட்டியல், ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒரு பட்டியல் என இரண்டு உண்டு. நாளிதழ்ச் செய்தியில் இரண்டும் கலந்துவிடுகின்றன. பாராட்டுப் பதாகை அச்சடிக்கும் முன் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, தன்மேற்கோளை நீக்கிய தரவரிசையில் எங்கே இருக்கிறார் என்பதைப் பாருங்கள். எல்லாம் அந்தக் கோப்பிலேயே உள்ளன.

இதய மருத்துவர் ஒருவருக்கு 5,000 மேற்கோள், சமூக மருத்துவத் துறையில் உள்ளவருக்கு 200. முதலாமவர்தானே மேல்?

அப்படிச் சொல்ல முடியாது. எழுதுவோர் கூட்டம் பெரிதாக உள்ள துறையில் மேற்கோளும் பெருகும். துறைக்குள்ளேயே ஒப்பிடுவதற்காக அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் 2016-இல் ‘ஒப்பு மேற்கோள் விகிதம்’ என்ற அளவையை உருவாக்கினார்கள். அந்நிறுவனங்கள் நிதியளித்த அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, 1 என்றால் நடுத்தரம் என்று காட்டும். அது பப்மெடில் உள்ளவற்றுக்கு மட்டுமே.

காலராவிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். 1971-இல் வங்கதேசப் போரில் இடம்பெயர்ந்தவர்கள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், சிரைவழி செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அவருடைய அறிக்கை 1973-இல்தான் அச்சேறியது. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் எந்தத் தாயும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டப் போவதில்லை.

தேர்வுக் குழுவில் அமரப் போகிறேன். 40 விண்ணப்பங்கள். எண்ணைப் பார்க்காமல் எப்படி முடியும்?

எண்ணைப் பார்க்கலாம், எண்ணோடு நின்றுவிடக் கூடாது. 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்கள் உருவாக்கிய ‘டோரா’ பிரகடனம், ஆளைத் தேர்ந்தெடுக்க இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. 2015-இல் வந்த லைடன் அறிக்கையின் பத்து நெறிகளில் முதலாவது, எண்கள் அறிஞர்களின் மதிப்பீட்டுக்குத் துணை நிற்க வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது.

நடைமுறையில், ஒவ்வொருவரிடமும் அவரே சிறந்ததெனக் கருதும் மூன்று கட்டுரைகளையும், ஒவ்வொன்றிலும் அவர் செய்த வேலையைப் பற்றி ஐந்து வரியையும் கேளுங்கள். 40 பேருக்கு 120 கட்டுரைகள். குழுவில் ஐவர் இருந்தால் ஆளுக்கு 24. இரண்டு வாரத்தில் படித்துவிடலாம். 1960-இல் ஒரு குழு இப்படிக் கேட்டிருந்தால், தே அவர்கள் மூன்றாவதாக அந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்திருப்பார். படிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

என் அப்பா ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர். அவர் எழுதியவற்றைப் பட்டியலிட விரும்புகிறேன். இணையத்தில் நான்குதான் கிடைக்கின்றன. எங்கே தேடுவது?

முதலில் அவர் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பற்றிய விடையில் சொன்ன காரணத்தால் இதுவே பாதி வேலை. பப்மெடில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தேடி, கல்லூரியின் பெயரையும் ஆண்டையும் கொண்டு சரிபாருங்கள். பழைய பதிவுகளில் ஊர்ப் பெயர் இராது என்பதால் உடன் எழுதியவர்களின் பெயர்கள் உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் ‘புல்லட்டின்’ போன்றவற்றின் பழைய தொகுதிகள் முழுமையாகவே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

இணையத்துக்கு முன் வந்தவற்றுக்கு, 1879 முதல் 2004 வரை அச்சில் வந்த ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தொகுதிகளே துணை. பழைய மருத்துவக் கல்லூரி நூலகங்களின் பின் அடுக்குகளில் அவை இன்னும் இருக்கின்றன. அவரிடமே மறுபதிப்புத் தாள்கள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அக்காலத்தில் இதழ்கள் ஆசிரியருக்குப் படிகளை அனுப்பும், கேட்டு எழுதியவர்களுக்கு அவர் அஞ்சலில் அனுப்புவார். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் மகள் அப்படியொரு கட்டை என்னிடம் கொண்டுவந்தார். பதினொரு கட்டுரைகள், எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதவை ஏழு. கட்டுக்குள் வெளிநாட்டு மருத்துவர்கள் படி கேட்டு எழுதிய அஞ்சலட்டைகளும் இருந்தன. ஒவ்வொரு அட்டையின் மூலையிலும், படி அனுப்பிய தேதியை அவர் தம் கையால் குறித்துவைத்திருந்தார். பட்டியலின் முடிவில் அந்த அட்டைகளையும் நாட்டோடும் தேதியோடும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.